பக்குவமான பேச்சு

போதை மறுவாழ்வு மையத்தின் ஆலோசகிக்கு அந்தப் பெயின்டர் மீது தனி மதிப்பு. ஊசிப் பழக்கத்தால் எச்.ஐ.வி. தொற்றியவர்களில், சொன்ன பேச்சைத் தட்டாதவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் ஆணுறை வைத்திருக்கும் மேசைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இவனோ வாராவாரம் கேட்டு வாங்கிப் போவான்.

இன்று வந்தவன் உட்காரவில்லை. விரலில் காய்ந்திருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே நின்றான்.

"வாசல்ல என் சம்சாரம் உக்காந்திருக்கா, மேடம். மாசமா இருக்கா. ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தாங்க. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டாரு... அவளுக்கும் இருக்காம்."

ஆலோசகி மேசைமேல் இருந்த ஆணுறைப் பெட்டியைப் பார்த்தாள்.

"எப்படிங்க? வாராவாரம் வாங்கிட்டுப் போனீங்களே, அதையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணைக்கூட வீணாக்கலை, மேடம். 'வெளியே போனா கண்டிப்பா போட்டுக்கணும்'னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா..."

"வெளியே போனப்போ ஒரு தடவைகூட மறந்ததில்லை. இவ வீட்டுல இருக்கறவதானே!"

புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்தை எப்படி வாய்விட்டுப் பேசுவது என்று கூச்சப்பட்டு, ஆலோசகி சுற்றி வளைத்துச் சொன்ன வார்த்தை அது.

அவன் கதவைப் பார்த்தான்.

"அவகிட்ட இன்னும் யாரும் சொல்லலை. எனக்கு வாய் வரலை. நீங்களே சொல்லிடுங்க, மேடம். நீங்கதான் எதையும் பக்குவமா சொல்வீங்க."