மழைப் பாட்டு

குளத்தின் பெயர்பெற்ற பாடகரான தவளைக்கு மழைப் பாட்டு அலுத்துப்போய்விட்டது. மரங்கொத்தியையும் சில்வண்டையும் சேர்த்துக்கொண்டு ஒரு ராக் இசைக்குழு தொடங்கியது. மூவருமே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். மரங்கொத்தி தகர டப்பாவைக் கொத்த, சில்வண்டு கம்பிவேலியில் சிறகை உரச, தவளை இதுவரை யாரும் கேட்டிராத குரலில் அலறியது.

முதல் கச்சேரியில் பாதியிலேயே ஒரு நண்டு எழுந்து, "ஐயா, அந்த மழைப் பாட்டை எடுத்து விடுங்க!" என்றது. கூட்டமும் சேர்ந்து கத்தியது.

தவளைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "காதுல என்ன பாசியா அடைச்சிருக்கு? புதுசா ஒண்ணு பாடினா கேட்கத் தெரியாதா? இனிமே அந்தப் பாட்டைக் கேக்கிறவங்க இந்தப் பக்கமே வராதீங்க!"

அடுத்த கச்சேரியில் ஒரு குரலும் குறுக்கே வரவில்லை. தகரம் அதிர்ந்தது. நண்டுகள் ஆடித் தீர்த்தன. கடைசியில் ஆரவாரம் செய்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். தவளை மட்டும் மேடைப் பாறையை விட்டு இறங்கவில்லை.

"ஜெயிச்சுட்டோம் அண்ணே! இப்பவும் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றது சில்வண்டு.

"நன்றி கெட்ட ஜனங்க!" என்று தவளை குமுறியது. "ஒருத்தனாவது மழைப் பாட்டைக் கேட்டானா?"

மரங்கொத்தி தூறல் விழுவதுபோல் தகரத்தை மெல்லத் தட்டியது.

"நிறுத்துய்யா, எனக்கு அது அலுத்துப்போச்சு!" என்றது தவளை. ஆனால் அதற்குள் அதன் தொண்டை உப்பியிருந்தது.