நொதி விடுப்பு

கோமளவல்லியின் கருப்பைச் சவ்வு குடல்வரை படர்ந்திருப்பதாக டாக்டர் ஸ்கேனில் காட்டியிருந்தார். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் ஸ்கேன் செல்லாது. அங்கே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மாதவிடாய் வலியோடு கூடும் அழற்சி நொதியை அளப்பார்கள். ஐம்பதைத் தாண்டினால்தான் வலி உண்மை, விடுப்பு உண்டு.

போன மாதம் கோமளவல்லிக்கு முப்பத்தொன்று காட்டியது.

"மாத்திரை போட்டியா கண்ணு?" என்று கேட்டாள், கருவியை வைத்திருந்த ருக்குமணி.

"போடாம எப்படிங்கக்கா பஸ்ல நின்னு வர்றது?"

"அது நொதியைக் கொறைச்சிருமே! வலி பாதி அப்படியே இருந்தாலும் இதுல தெரியாது."

அன்று கோமளவல்லி இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு வந்து, ஷிஃப்ட் முடியும்வரை காலர் தைத்தாள்.

இந்த மாதம் மாத்திரை போடவில்லை. வயிற்றைப் பிடித்தபடி பஸ்ஸின் தரையில் சுருண்டே வந்தவளை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கருவி எண்பத்தாறு காட்டியது.

"கெடைச்சிருச்சு கண்ணு, மூணு நாள் லீவு!" ருக்குமணிக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கோமளவல்லி பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். ருக்குமணி சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பப் போட்றாத. தெனமும் சாயங்காலம் வீட்டுக்கே வந்து அளப்பாங்க. கொறைஞ்சிருந்தா அடுத்த நாளே வேலைக்குக் கூப்புட்ருவாங்க."

"மூணு நாளும் போடக் கூடாதுங்களாக்கா?"

"லீவு வேணுமில்ல கண்ணு?"