பின்னால் வீடில்லாத கதவு

யாரோ ஒருவர் மூக்குக்குள் முள்ளன் என்ற வைரஸ் வந்து இறங்கினான். சளி ஓட்டம் அவனை வயிற்றுக்கு அடித்துக்கொண்டு போவதற்குள் ஏதாவது ஒரு செல்லுக்குள் நுழைந்துவிட வேண்டும். நுழைந்தால் பிள்ளைகுட்டி பெருகும். தவறினால் வயிற்று அமிலத்தில் கரைந்து வம்சமே முடிந்துபோகும்.

முள்ளன் கவலைப்படவில்லை. செல்லின் வாசலில் ஏற்பி என்றொரு கதவு இருக்கும். அதற்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் உடம்பெல்லாம் அவனுக்குக் கைகள்.

இறங்கிய இடத்திலேயே ஒரு கதவு எதிர்ப்பட்டது.

“வாங்க மாப்பிள்ளை, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்!”

கை கச்சிதமாகப் பொருந்தியது. முள்ளன் பூரித்துப்போய் எட்டிய கைகளாலெல்லாம் பற்றிக்கொண்டான்.

“சரி, திற.”

“திறந்தா எங்கே போவீங்க? எனக்குப் பின்னாலே வீடே கிடையாதே! உங்களை மாதிரி ஆளுங்க பிடிச்சுத் தொங்கத்தான் செல்லு எங்களைச் சளியிலே மிதக்க விட்டிருக்கு.”

முள்ளன் எட்டிப் பார்த்தான். பின்னாலும் சளிதான். கைகளை உதறினான். ஒன்றை விடுவித்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொண்டது. ஓட்டம் இருவரையும் சேர்த்து இழுத்தது.

பின்னாலேயே அவனுடைய பங்காளி ஒருவன் மிதந்து வந்தான்.

“அண்ணே, அதுக்குள்ளே இடம் பிடிச்சிட்டியா! வீடு எப்படி?”

உண்மையைச் சொல்லத்தான் முள்ளன் வாயெடுத்தான். இந்தப் பொடியன் சிரிப்பானே என்று தோன்றியது.

“அரண்மனைடா தம்பி,” என்றான். “பக்கத்துக் கதவு காலியாத்தான் இருக்கு. ஓடியா, பிடி.”