கட்டிலுக்கு இருவர்

1967 கோடை. ருமேனியாவின் ஒராத்யாவில் ஒரு பிரசவ வார்டின் வாசலில், அக்காவைப் பார்க்க ஹங்கேரியிலிருந்து வந்த நர்ஸ் மார்கித் நிற்கிறாள். கருக்கலைப்புக்குத் தடையில்லாத அவள் ஊரில் பாதித் தொட்டில்கள் காலி. போன வருஷம் தடைச்சட்டம் வந்த இங்கே கட்டிலுக்கு இரண்டு தாய்மார், ஒருத்தி தலைமாட்டில் இன்னொருத்தியின் கால். இங்கே நர்ஸாக இருக்கும் அக்கா எதெல்கா தள்ளிவரும் வண்டியில் சிசுக்கள் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டிகளைப்போல் நெருக்கி அடுக்கப்பட்டு, ஜன்னல் வெயிலில் சிவந்து, ஒரே குரலாக வீறிடுகின்றன.

"இவ்வளவும் இந்த வாரத்துப் பிள்ளைங்களா அக்கா?"

"நேத்திக்கு மட்டும் பொறந்ததுடி."

தாய்மார்களில் இலிங்கா என்பவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறாள். வேண்டாமென்றிருந்த நாலாவது பிள்ளை, பிறந்ததிலிருந்து தொடவில்லை. பசியில் அதன் குரல் கம்மிவிட்டது.

"கொஞ்சம் பால் குடும்மா," என்கிறாள் எதெல்கா.

"சட்டம் போட்டவனை வந்து குடுக்கச் சொல்லுங்க, நர்ஸம்மா."

வார்டே சிரிக்கிறது. வண்டியில் சிசுக்களின் வீறிடல் ஓயவில்லை. சிரிக்காத இலிங்கா சட்டென்று குனிந்து தன் நெஞ்சைப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் சட்டையில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டே போகிறது.

"பாருங்க, இந்தப் பாலும் என்னைக் கேக்கல," என்று சொல்லி, இலிங்கா பிள்ளையை வாங்கக் கையை நீட்டுகிறாள்.