தாமதம் பூஜ்யம்

திரையில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. திருநகர் கல்யாண மண்டப வேலை மொத்தமும் பச்சையாக நீண்டு கிடந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பத்து நாள் லேட்டுன்னு காட்டுச்சு. இன்னிக்கு எப்படித் தம்பி பூஜ்யம் ஆச்சு?" புராஜெக்ட் மேனேஜர் சிவக்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்ட தேதிய சைட்ல தப்பாக் குடுத்துட்டாய்ங்கண்ணே. சரி பண்ணிட்டேன்" என்றான் வேலை அட்டவணையைக் கவனிக்கும் விக்ரம்.

பொய். கம்பி வந்து சேரவே தாமதமாகி, கான்கிரீட் போட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. அதைப் பத்து நாள் முந்தியே போட்டதாக மாற்றிப் பதிந்தது விக்ரம்தான். அந்த ஒரு தேதி மாறியதும், பின்னால் இருந்த வேலைகளெல்லாம் தாமாக முன்னே நகர்ந்து பச்சையாகின.

மனசு கொஞ்சம் உறுத்தியது. ஆனால் மூன்றாவது வாரமும் சிவப்பு வந்தால் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லியிருந்தார் சிவக்குமார். தளம் அங்கேதானே இருக்கிறது, என்றைக்குப் போட்டால் யாருக்கு என்ன என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

சிவக்குமார் அங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டை மண்டப ஓனருக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"ஓனர் கும்பிடு போட்டிருக்காரு. பொழச்சுக்கிட்ட போ. போய் டீ சொல்லு."

விக்ரமுக்கு மூன்று வாரத்தில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

எழுந்தபோது செல்போன் அடித்தது. சென்ட்ரிங் காண்ட்ராக்டர் நல்லகாமன். கான்கிரீட் இறுகும்வரை மண்டபத் தளத்தைத் தாங்கி நிற்கப் பலகையும் முட்டும் அடித்துக் கொடுத்துவிட்டு, கான்கிரீட் போடும் முன்பே திருப்பரங்குன்றம் வேலைக்குப் போய்விட்டவர். தன் இரும்பு முட்டுகள் எப்போது கைக்கு வரும் என்று தினமும் நச்சரிப்பவர்.

"என்னண்ணே, இன்னிக்கும் முட்டுப் பஞ்சாயத்துதானா?" விக்ரம் சிரித்தான்.

"அட, ஒங்களத் திட்டித் திட்டி எனக்கே சலிச்சுப் போச்சு தம்பி. இன்னிக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நன்றியா, எதுக்கு?"

பதிலுக்கு முன்னால் இரும்பில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க?"

"மண்டபத்துலதான். கான்கிரீட் போட்டு இருபத்தொரு நாள் ஆயிருச்சு, சென்ட்ரிங்கைப் பிரிக்கலாம்னு ஒங்க கம்ப்யூட்டர்ல இருந்து காலைல மெசேஜ் வந்துச்சே. பாதி முட்ட உருவியாச்சு, நம்மாளுக ஒம்போது பேரும் தளத்துக்கு அடியிலதான் நிக்கிறாய்ங்க."