செவ்வாய்க்கிழமை வண்டி

வண்டியின் முன்பாதி வீடு: கட்டில், அடுப்பு, ஒரு சிலுவை. பின்பாதியில் மோட்டார் பைக். போகும் ஊரெல்லாம் இறக்கி ஓட்டலாம் என்றுதான் ஆரோக்கியம் அதை ஏற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து பைக் கீழே இறங்கவேயில்லை. அவரும் மனைவி ஸ்டெல்லாவும் அதை ஊர் ஊராகச் சுமந்தே களைத்துவிட்டார்கள். அன்று மதியம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, காற்றுக்காகப் பின்கதவைச் சரிவாக இறக்கிவிட்டுக் கண்ணயர்ந்தார்கள். ஸ்டெல்லா விழித்தபோது தலைத்துண்டு கட்டிய ஒருவர் பைக்கைப் பிடித்தபடி நின்று கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

“மூணு செவ்வாயா நீங்க வரல டாக்டரம்மா. பிரஷர் மாத்திரை தீர்ந்து தலை சுத்துது.”

“இது ஆஸ்பத்திரி வண்டி இல்லண்ணே, எங்க வீடு.”

“பைக்குக்குமா வீடு?”

யாரும் கலையவில்லை. அரசு ஆஸ்பத்திரி பன்னிரண்டு கிலோமீட்டர்; பஸ் இல்லை. ஆரோக்கியம் முனகிக்கொண்டே பைக்கின் பெல்ட்டுகளை அவிழ்த்தார்.

“இங்க விட்டுட்டுப் போனா யாராச்சும் தூக்கிட்டுப் போயிருவாங்க” என்றாள் ஸ்டெல்லா.

“போகட்டும். என் இடுப்பு பிழைக்கும்.”

எல்லாரும் கைகொடுத்து பைக்கை இறக்கிய இடத்தில், ஆஸ்பத்திரிக்குப் போக ஏழு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். தலைத்துண்டுக்காரர் மட்டும் ஏறாமல் தன் மருந்துச் சீட்டை ஸ்டெல்லாவிடம் கொடுத்தார்.

“எனக்கும் சேர்த்து வாங்கியாங்கம்மா. பைக்கை நான் பாத்துக்கிறேன்.”

வண்டி நகர்ந்தது. அவர் மரத்தைப் பிடித்து ஒரு கணம் நின்றார். பிறகு துண்டை அவிழ்த்து, வெயில் விழுந்துகொண்டிருந்த பைக் சீட்டின்மேல் விரித்தார்.