கடல் பக்கத்துச் செருப்பு

செருப்புகள் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. இது உடனே திருத்தப்பட வேண்டிய பெரும்பிழை. எந்தக் கணத்திலும் ஒன்றுதான் நடக்கும். மற்றது நின்று வேடிக்கை பார்க்கும்.

கடற்கரையோரமாகவே பல நாளாகத் தெற்கே நடந்துகொண்டிருந்த ஒரு மனிதரின் ரப்பர் செருப்புகளுக்குள் அன்று வேறொரு தகராறு. கடல் அவருக்கு இடப்பக்கம் இருந்ததால், காலையிலிருந்து அலையில் நனைந்தது இடது செருப்பு மட்டுமே. அதன் வார் ஊறிப்போய் இப்பவோ அப்பவோ என்றிருந்தது. பிய்ந்தால் அத்தோடு ஆயுள் முடிந்தது.

"அண்ணே, மத்தியானத்துக்கு மேல நாம இடம் மாத்திக்குவோமா?" என்று இடது கேட்டது.

"தம்பி, புது வீட்டுக்குள்ள முதல்ல எடுத்து வைக்கிற காலோட செருப்பு நான். நான் வந்து தண்ணியில நிக்கிறதா?" என்றது வலது.

"அந்த வீட்டு வாசல்லதானே அண்ணே உங்களையும் கழட்டிப் போடுறாங்க?"

வலது அடுத்த அடியை எடுத்து வைத்து முன்னே போனது.

சாயங்காலம் பெரிய அலை ஒன்று வந்தபோது, இடது செருப்பு காலை விட்டு நழுவி அதோடு போய்விட்டது. மனிதர் முழங்கால் தண்ணீர்வரை இறங்கித் தேடினார். பிறகு வலதைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"ஒத்தையை வச்சு நான் என்ன பண்ண? எடுக்கிறவங்களுக்காவது சோடியாக் கிடைக்கட்டும்" என்று அதையும் கடலில் வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

அலை இரண்டையும் ஒரே இடத்தில் ஒதுக்கியது. மறுநாள் காலை வடக்கே நடந்து போன ஒரு பெண் அவற்றைக் கண்டாள். மணலை உதறி மாட்டிக்கொண்டாள்.

கடல் அவளுக்கு வலப்பக்கம் இருந்தது.